கார் ஆட்டோ ஏசி எந்த அளவுக்கு நன்றாக வேலை செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோ ஏசி நிஜமாகவே பயன் தருகிறதா, இல்லை விலையைக் கூட்ட வைத்த பட்டனா?

நிஜமாகவே பயன் தருகிறது. வேண்டிய வெப்பநிலையை நாம் வைத்துவிட்டால் மற்றதைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏசிதான் ஆட்டோ ஏசி. ஓடிக்கொண்டிருக்கும் காரில், முன் சீட்டில் இருப்பவருக்கு, நிமிடத்துக்கு நிமிடம் மாறும் வெயிலையும் வேகத்தையும் அது நம் கையைவிட நன்றாகச் சமாளிக்கும். வெயிலில் காய்ந்த காரை எடுத்த முதல் சில நிமிடங்களிலும், பின் சீட்டிலும் அது திணறும். யாராவது "என் காரில் ஆட்டோ சரியில்லை" என்று சொன்னால் நான் முதலில் பார்ப்பது குளிர்விக்கும் கேஸை அல்ல, சென்சார்களை எதுவாவது மூடிக்கொண்டிருக்கிறதா என்பதைத்தான். ஆட்டோ ஏசிக்குத் தன் சென்சார்கள் சொல்வதுதான் உலகம். அவை தவறாகச் சொன்னால் அதுவும் தவறாகத்தான் நடக்கும்.

சாதாரண ஏசிக்கும் இதற்கும் உள்ளே என்ன வித்தியாசம்?

குளிர்விக்கும் பாகங்கள் இரண்டிலும் ஒன்றேதான். கேஸை அழுத்தும் கம்ப்ரஸர், முன்னால் சூட்டை வெளியே விடும் கண்டென்சர், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில், காற்றை ஊதும் விசிறியான புளோயர். கூலிங் காயிலைத் தாண்டி வரும் காற்று மிகவும் குளிர்ந்து இருக்கும். அதன் பக்கத்திலேயே என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாக ஓடும் ஹீட்டர் காயில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கதவு. குளிர்ந்த காற்றில் எவ்வளவு பங்கு ஹீட்டர் வழியாகப் போக வேண்டும் என்பதை அந்தக் கதவுதான் முடிவு செய்கிறது. குளிக்க வெந்நீரில் பச்சைத் தண்ணீரை விளாவுகிற மாதிரி.

சாதாரண ஏசியில் அந்தக் கதவை உங்கள் கை திருப்புகிறது. ஆட்டோவில் ஒரு சின்ன மோட்டார் திருப்புகிறது. புளோயர் வேகம், காற்று முகத்துக்கா காலுக்கா கண்ணாடிக்கா, வெளிக்காற்றை எடுப்பதா உள்காற்றையே சுழற்றுவதா என்பதையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்.

இது புதிய விஷயமும் இல்லை. அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940 மாடல் கார்களில் ஏசி கொடுத்தபோது, அதை அணைக்க டேஷ்போர்டில் சுவிட்ச் கிடையாது. வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, கம்ப்ரஸர் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். வேண்டிய வெப்பநிலையை வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்ற வசதியைக் காடிலாக் 1964 மாடலில் கொண்டுவந்தது.

ஒரு எச்சரிக்கை: டிஜிட்டல் எண் தெரிந்தாலே அது ஆட்டோ ஏசி என்று நினைக்காதீர்கள். சில கார்களில் திரை மட்டும்தான் டிஜிட்டல், உள்ளே எல்லாம் கையால் இயக்குவதுதான். 'ஆட்டோ' என்று எழுதிய பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதையெல்லாம் அளந்து அது முடிவெடுக்கிறது?

முக்கியமானது உள்காற்றின் வெப்பநிலை. ஸ்டியரிங் பக்கத்திலோ ஏசி பட்டன்களுக்கு அருகிலோ சின்னச் சல்லடை மாதிரி ஒரு துவாரம் இருக்கும். கேபின், அதாவது காரின் உட்பகுதிக் காற்றை அதன் வழியாக மெல்ல உறிஞ்சி, உள்ளே இருக்கும் சென்சாரின் மேல் செலுத்துவார்கள். காற்று நகராமல் நின்றால் சென்சார் டேஷ்போர்டின் சூட்டைத்தான் அளக்கும், நீங்கள் இருக்கும் இடத்தின் சூட்டை அல்ல.

வெளி வெப்பநிலைக்கு முன் பம்பர் பக்கத்தில் ஒரு சென்சார். டிராபிக்கில் நிற்கும்போது என்ஜின் சூடும் ரோட்டின் அனலும் அதன்மேல் அடிக்கும். அதனால் வண்டி நிற்கும்போது அந்த எண் ஏறினாலும் கம்ப்யூட்டர் உடனே நம்பாது. வண்டி ஓட ஆரம்பித்த பிறகுதான் கணக்கில் எடுக்கும். அண்ணா சாலையில் மே மாதம் 44 டிகிரி என்று காட்டினால் வானிலை மையத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, டேஷ்போர்டின் மேல், முன்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சூரிய சென்சார். கறுப்பு நிறத்தில் சின்னக் குமிழ் மாதிரி இருக்கும். வெயில் எவ்வளவு உள்ளே அடிக்கிறது என்று இது சொல்லும். விலை குறைந்த சில கார்களில் இது இருக்காது. அந்த கார்களின் ஆட்டோ ஏசி பகலில் சற்று மந்தமாக இருப்பதற்கு அதுவே காரணம். இவை போக, கூலிங் காயில் உறைந்து ஐஸ் கட்டாமல் இருக்க அதில் ஒரு சென்சார், கூலன்ட் சூட்டுக்கு ஒன்று, சில கார்களில் ஈரப்பதத்துக்கு ஒன்று.

24 வைத்திருக்கிறேன். காற்று வரும் வென்ட்டில் கை வைத்தால் அதைவிட ரொம்பக் குளிராக வருகிறதே, கோளாறா?

இல்லை. 24 என்பது கேபின் எட்ட வேண்டிய நிலை. வெயில், கண்ணாடி, தரை, உட்கார்ந்திருக்கும் ஆட்கள் எல்லாம் தொடர்ந்து சூடு கொடுத்துக்கொண்டே இருக்க, கேபினை 24-இல் பிடித்து வைக்க வேண்டுமென்றால் வென்ட்டிலிருந்து 10 டிகிரிக்கு அருகிலான காற்று கூட வர வேண்டியிருக்கும். அதே 24-இல், மார்கழி அதிகாலையில் வென்ட்டில் வெதுவெதுப்பான காற்று வரும். இரண்டும் சரியான நடத்தைதான்.

18 வைத்தால் சீக்கிரம் குளிருமா?

பெரும்பாலும் குளிராது. கேபின் 50 டிகிரியில் இருக்கும்போது 18-க்கும் 24-க்கும் கம்ப்யூட்டரிடம் வித்தியாசம் கிடையாது. இரண்டு எண்ணுக்கும் கம்ப்ரஸரை முழு அளவில் ஓட்டி, புளோயரை உச்சத்தில் வைத்து, ஹீட்டர் கதவை முழுக்க மூடிவிடும். வித்தியாசம் பிறகுதான் தெரியும். 24 வைத்தவருக்குப் புளோயர் தானாகத் தணியும். 18 வைத்தவருக்கு அது கத்திக்கொண்டே இருக்கும், கால் மணி நேரத்தில் கை விறைக்கும், அப்புறம் 27-க்கு ஏற்றுவார், அப்புறம் வேர்க்கும். ஆட்டோ ஏசியின் மேல் வரும் புகார்களில் பாதி இந்த ஏற்றி இறக்கும் பழக்கத்தால் வருவதுதான் என்பது என் கணிப்பு.

எண்ணின் கடைக்கோடியில் வரும் 'லோ', 'ஹை' இரண்டும் வேறு வகை. அங்கே கட்டுப்பாடே கிடையாது. 'லோ' என்றால் முழுக் குளிர், எதையும் அளந்து குறைக்காது.

24-லிருந்து ஆரம்பியுங்கள். ஒரு வாரம் தொடாமல் ஓட்டிப் பாருங்கள். பிறகு அரை டிகிரி, ஒரு டிகிரி என்று உங்கள் உடம்புக்கு ஏற்ற எண்ணைத் தேடுங்கள்.

வெயிலில் நிறுத்திய கார் குளிர ஏன் இவ்வளவு நேரம்?

காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடும். பொருள்கள்தான் குளிராது. அமெரிக்காவின் அரிசோனாவில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், வெளியே 38 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களின் உள்காற்று சராசரியாக 47 டிகிரியைத் தொட்டது; டேஷ்போர்டு 69, ஸ்டியரிங் 53, சீட் 51. நிழலில் நிறுத்தியவற்றில் டேஷ்போர்டு 48, உள்காற்று 38. டேஷ்போர்டில் மட்டும் 21 டிகிரி வித்தியாசம். சென்னையில் 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி பதிவானது. அக்னி நட்சத்திரத்தில் அரிசோனா கணக்கு நமக்கும் அன்னியமில்லை.

அந்த 69 டிகிரி டேஷ்போர்டு, உள்ளே போன பிறகும் வெகுநேரம் அனல் வீசும். எந்த ஆட்டோ ஏசியும் அதைச் சில நிமிடங்களில் ஆற்ற முடியாது. எனவே உதவி நம் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். ஏறுவதற்கு முன் எதிரெதிர்க் கதவுகளைத் திறந்து சூட்டை வெளியே விடுங்கள். முதல் ஓரிரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கி, ஏசியையும் போட்டு ஓட்டுங்கள். 50 டிகிரி உள்காற்றைக் குளிர்விப்பதைவிட 38 டிகிரி வெளிக்காற்றை உள்ளே விடுவது எளிது. சூடு வெளியேறியதும் கண்ணாடியை ஏற்றி ஆட்டோவிடம் விட்டுவிடுங்கள். முன்கண்ணாடிக்கு மடக்கு சன்ஷேடு ஒன்று வாங்கி வையுங்கள். அதைவிடச் சிறந்த செலவு இதில் எதுவும் இல்லை.

கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா என்று கேட்கிறார்கள். முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது இந்திய விதி. உச்ச நீதிமன்றம் 2012-இல் கறுப்பு ஃபிலிம்களுக்குத் தடை சொன்னது. சன்ஷேடே போதும்.

எண் மாறவே இல்லை. ஆனால் பகலில் வேர்க்கிறது, இரவில் குளிருகிறது. ஏன்?

இந்தக் கேள்விதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமானது. ஆட்டோ ஏசியின் எல்லை எது என்பது இதில்தான் தெரியும்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபேங்கர் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், உடம்புக்குச் சூடு குளிர் தெரிவது ஆறு காரணங்களால் என்று காட்டினார். காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள பரப்புகள் வீசும் அனல், காற்றின் வேகம், ஈரப்பதம், போட்டிருக்கும் உடை, செய்யும் வேலை. கட்டடங்களின் ஏசி வடிவமைப்பு இன்றும் அந்த அடிப்படையில்தான் நடக்கிறது.

உங்கள் கார் இதில் நேரடியாக அளப்பது காற்றின் வெப்பநிலையை. அனலைச் சூரிய சென்சாரை வைத்து ஊகிக்கிறது. நீங்கள் பட்டுப்புடவையா பருத்திச் சட்டையா என்பதோ, இப்போதுதான் மூட்டையைத் தூக்கி டிக்கியில் வைத்துவிட்டு ஏறினீர்கள் என்பதோ அதற்குத் தெரியாது. மதியம் வலப்பக்கக் கண்ணாடி வழியாக வெயில் உங்கள் தோளில் நேராக விழும்போது, காற்று 24-இல் இருந்தாலும் உடம்பு வேர்க்கும். இரவில் கண்ணாடியெல்லாம் ஆறிப் போயிருக்கும். அதே 24-இல் லேசாக நடுங்கும்.

எனவே பகலில் 23, இரவில் 25 என்று நீங்கள் மாற்றினால் அது ஆட்டோவின் தோல்வியல்ல. அதற்குத் தெரியாத செய்தியை நீங்கள் சொல்கிறீர்கள். ஆனால் எண்ணை மட்டும் மாற்றுங்கள், புளோயரைத் தொடாதீர்கள். பெரும்பாலான கார்களில் புளோயர் பட்டனை அழுத்திய கணமே ஆட்டோ விளக்கு அணைந்து, வேகம் உங்கள் பொறுப்புக்கு வந்துவிடும். நிறையப் பேர் இதைக் கவனிக்காமல், மாதக்கணக்கில் பாதி ஆட்டோவில் ஓட்டிக்கொண்டு, ஆட்டோ சரியில்லை என்று சொல்கிறார்கள்.

டேஷ்போர்டில் பிள்ளையார் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம், சூரிய சென்சாரின் மேலோ அதற்கு வெயில் வரும் வழியிலோ வேண்டாம். சிலையைவிடப் பெரிய தொந்தரவு டேஷ்போர்டு முழுக்க விரிக்கும் மேட்தான். அது சென்சாரை மூடிவிட்டால், பட்டப்பகலிலும் வெயில் இல்லை என்று கார் நினைத்துப் புளோயரைக் குறைத்துவிடும். பல கார்களில் தானாக எரியும் ஹெட்லைட்டின் சென்சாரும் அதே இடத்தில்தான் இருக்கும். பகலில் ஹெட்லைட் எரிந்தால் அதுவும் ஒரு தடயம். அதே மாதிரி, ஸ்டியரிங் பக்கத்துச் சல்லடைத் துவாரத்தின் மேல் செல்போன் ஹோல்டரோ ஸ்டிக்கரோ வராமல் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

முன்னால் குளிருது, பின்னால் அம்மாவுக்கு வேர்க்குது. என்ன செய்வது?

சென்சார் முன்னால் இருக்கிறது. முன்பகுதி 24 ஆனதும் கார் தன் வேலை முடிந்தது என்று தணிந்துவிடும். பின்னால் வென்ட் இருக்கும் கார்களில்கூட, அது பெரும்பாலும் அதே புளோயரிலிருந்து நீண்ட குழாய் வழியாக வரும் காற்றுதான். இன்னோவா மாதிரி பெரிய வண்டிகளில் பின்பக்கத்துக்கென்றே தனிக் கூலிங் காயிலும் புளோயரும் இருப்பதால் அங்கே நிலைமை வேறு.

மற்ற கார்களில், முன்னால் நடுவில் உள்ள இரண்டு வென்ட்டுகளையும் மேல்நோக்கித் திருப்பி, இரண்டு முன் சீட்டுகளின் நடுவே காற்று பின்னால் போகும்படி வையுங்கள். வயதானவர்கள் பின்னால் இருந்தால் எண்ணை ஒரு டிகிரி குறைத்து, முன்னால் இருப்பவர்கள் தங்கள் பக்க வென்ட்டை ஒதுக்கிக்கொள்ளட்டும். வெயில் படாத பக்கத்தில் அவர்களை உட்காரவைப்பது எல்லாவற்றையும்விடப் பலன் தரும்.

இரண்டு பக்கமும் தனித்தனி எண் வைக்கலாமே, அது வேலை செய்யுமா?

ஓரளவு. கூலிங் காயில் ஒன்றே. ஹீட்டர் கதவுதான் இடம் வலம் என இரண்டு. கேபினுக்குள் சுவர் இல்லாததால் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் வரை உணரலாம், அதற்கு மேல் காற்று கலந்துவிடும்.

மழையில் கண்ணாடியில் ஆவி படிந்தால் ஆட்டோவை நம்பலாமா?

முதலில் ஆவி எந்தப் பக்கம் என்று பாருங்கள். வைப்பர் போட்டு அது போனால் வெளிப்பக்கம். கடற்கரை ஊர்களில் மழை இரவுகளில் இது சகஜம்: ஏசி காற்று பட்டுக் கண்ணாடி குளிர்ந்துவிட, வெளியே உள்ள ஈரக்காற்று அதன்மேல் பனியாகப் படிகிறது. காற்று கண்ணாடிக்குப் போவதை நிறுத்தி, எண்ணை இரண்டு டிகிரி ஏற்றுங்கள்.

வைப்பருக்குப் போகவில்லை என்றால் உள்பக்கம். நனைந்த உடை, குடை, மூச்சு எல்லாம் சேர்ந்து வந்த ஈரம். இங்கேதான் பலர் குளிருகிறதே என்று ஏசியை அணைக்கிறார்கள், கண்ணாடி இன்னும் மூடிக்கொள்கிறது. கூலிங் காயில்தான் ஈரத்தை இழுத்துக் காருக்கு அடியில் சொட்டாக விடுகிறது. ஏசி ஓடட்டும், எண்ணை 26, 27 என்று ஏற்றுங்கள். காற்று முதலில் உலர்ந்து, பிறகு ஹீட்டரில் சூடேறி வரும். அவசரமென்றால் முன்கண்ணாடிப் படம் போட்ட பட்டனை அழுத்துங்கள். அது ஆட்டோவை மீறி, பெரும்பாலான கார்களில் கம்ப்ரஸரையும் வெளிக்காற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும்.

ஊட்டி, கொடைக்கானல் போகும்போது?

ஆட்டோ ஏசி எதற்காக என்று புரிந்துகொள்ள மலைப்பாதையைவிடச் சிறந்த இடம் இல்லை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டரில் இருக்கிறது, ஊட்டி சுமார் 2,240 மீட்டரில். 50 கிலோமீட்டர் பாதைக்குள் வெளிக்காற்று பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். கையால் இயக்கும் ஏசியில் கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே திருகைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். 24 வைத்த ஆட்டோ, அடிவாரத்தில் குளிர்வித்து, குன்னூரில் தணிந்து, ஊட்டியில் ஹீட்டரைக் கலக்கும். டிரைவர் ரோட்டை மட்டும் பார்க்கலாம்.

ஊட்டியில் காலையில் வண்டியை எடுத்ததும் காற்றே வரவில்லை என்று பயப்பட வேண்டாம். கூலன்ட் சூடாகும் வரை பல கார்கள் வேண்டுமென்றேதான் புளோயரை அடக்கி வைக்கும்.

உள்காற்றிலேயே ஓட்டினால் தூக்கம் வருமா?

வரும். ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 0.3 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறார். ஐந்து பேர், 3,000 லிட்டர் கேபின், காற்றுக் கசிவே இல்லை என்று வைத்துக் கணக்கிட்டால் நிமிடத்துக்கு 500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 500 பங்கு) ஏறும். வெளிக்காற்றில் இருப்பதோ சுமார் 420தான். கசிவு இருப்பதால் நிஜத்தில் இதைவிட மெதுவாக ஏறும், ஆனால் ஏறும். கொட்டாவி, மந்தம், தலைப்பாரம் அதன் அறிகுறிகள். நல்ல ஆட்டோ ஏசிகள் கேபின் குளிர்ந்ததும் வெளிக்காற்றுக்குத் தானாக மாறும். மாறாத கார்களில் நீங்கள் அவ்வப்போது மாற்றுங்கள், குறிப்பாக இரவு நெடும்பயணத்தில்.

மைலேஜ் குறையுமா?

ஏசி போட்டாலே குறையும். ஆட்டோ என்பதற்காகக் கூடுதலாகக் குறையாது. தேவைக்கேற்பக் குளிரின் அளவை மாற்றும் கம்ப்ரஸர் இருந்தால் கொஞ்சம் மிச்சமாகும். சிக்னலில் என்ஜின் தானாக அணையும் பெட்ரோல் கார்களில் கம்ப்ரஸரும் நிற்கும், காற்று வெதுவெதுப்பாகும். கேபின் சூடேறினால் பல கார்கள் என்ஜினைத் தாமே மறுபடி கிளப்பிவிடும்.

எலக்ட்ரிக் காரில்?

இன்னும் நன்றாக இருக்கும். கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் சிக்னலில் நின்றாலும் குளிர் குறையாது. ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பே செல்போனில் ஏசியைப் போடும் வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள், அதுவும் சார்ஜரில் இருக்கும்போதே. சர்வீஸில் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த கம்ப்ரஸருக்கு மின்சாரம் கடத்தாத தனி வகை ஆயில் வேண்டும். சாதாரண கார் ஆயிலைக் கலந்துவிட்டால் இன்சுலேஷன் கெடும்.

எப்போது மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்?

டேஷ்போர்டுக்குள் டிக் டிக் என்று சத்தம் வந்தால் கதவைத் திருப்பும் மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கலாம். இடப்பக்கம் குளிர், வலப்பக்கம் சூடு என்றால் அந்த மோட்டார் அல்லது கேஸ் குறைவு. காற்றின் வேகமே குறைந்திருந்தால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். அதைப் பெரும்பாலும் குளோவ் பாக்ஸைக் கழற்றி நாமே மாற்றலாம்.

வருடா வருடம் கேஸ் நிரப்பச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேஸ் தீர்ந்துபோகும் எரிபொருள் அல்ல. நன்றாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சின்ன கார்களுக்கு அரை கிலோவுக்கும் குறைவாகவே வேண்டும். சரியான கிராம் அளவும் வகையும் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். அளவுக்கு மேல் நிரப்பினால் குளிர் கூடாது, குறையும். எடை போட்டு நிரப்பும் இயந்திரம் இல்லாத கடையில் செய்யவே வேண்டாம்.

ஏசியைப் போட்டுவிட்டுக் குழந்தையைக் காரில் விட்டுப் போகலாமா? உள்ளே தூங்கலாமா?

கூடாது, இரண்டுமே. என்ஜின் எந்தக் காரணத்தால் நின்றாலும் கம்ப்ரஸர் நிற்கும், மேலே சொன்ன 47 டிகிரியை நோக்கி உள்காற்று ஏற ஆரம்பிக்கும். குழந்தையின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். நிறுத்திய காரில் என்ஜினை ஓடவிட்டுத் தூங்கினால், சைலன்சரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசியலாம். அதற்கு வாசனை கிடையாது, எந்த ஏசி சென்சாரும் உங்களை எழுப்பாது. மூடிய பார்க்கிங்கிலும் கராஜிலும் ஆபத்து இன்னும் அதிகம். அசதியாக இருந்தால் என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, நிழலில் படுங்கள்.

ஆட்டோ ஏசிக்காக அடுத்த வேரியன்ட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

தினமும் ஓட்டுபவர், நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர், மலைப்பாதைக்குப் போகிறவர் என்றால் கொடுக்கலாம். ஊருக்குள் பத்து நிமிடம் மட்டும் ஓட்டுபவருக்கு அவசியமில்லை. ஆட்டோ தன் திறமையைக் காட்ட ஆரம்பிப்பதற்குள் நீங்கள் இறங்கிவிடுவீர்கள். குடும்பம் எப்போதும் பின் சீட்டில் என்றால், ஆட்டோ பட்டனைவிடப் பின் வென்ட்டுக்கு முதலிடம் கொடுங்கள். டெஸ்ட் டிரைவைக் காலை எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளாமல் மதியம் இரண்டு மணிக்குக் கேளுங்கள். வீட்டில் பெரியவர் யாரையாவது அழைத்துப் போய்ப் பின்னால் உட்காரவைத்து, ஆட்டோவில் 24 வைத்து, கால் மணி நேரம் எதையும் தொடாமல் ஓட்டிவிட்டு அவரிடம் கேளுங்கள்.